இடி கேட்ட பிறகு

காலை ஐந்தே முக்காலுக்கு எழுவேன். பல் தேய்ப்பேன். அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் முன்னறைக்குப் போய், குனிந்து, மேசைக்கு அடியில் பார்ப்பேன். பிளக் சாக்கெட்டில் இருக்கும். சுவிட்ச் போட்டபடி இருக்கும். கம்ப்யூட்டருக்குள் விசிறி மெல்ல இரைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் மோடத்தின் பச்சை விளக்கு எரியும். எதையும் தொடமாட்டேன். திரும்பி வந்து தேநீர் போட்டு, நின்றபடியே குடிப்பேன். இரண்டு துண்டு ரொட்டி. பிறகு போனில் வானிலை. வெயில் என்றால் குளித்துவிட்டுக் கடைக்குக் கிளம்புவேன். இடியுடன் மழை என்று போட்டிருந்தால் கடைக்கு போன் செய்து, உடம்பு சரியில்லை என்று சொல்வேன்.

நான்கு மாதத்தில் எனக்கு ஒன்பது முறை உடம்பு சரியில்லாமல் போயிருக்கிறது.

எங்களுடையது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. இரண்டே பேர். முதலாளியை ஊரே சால்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடும். எத்தனை துவைத்தாலும் அவர் சட்டையில் ஈயம் உருகிய வாசனை போகாது. போர்டு, பவர் சப்ளை எல்லாம் அவர் பார்ப்பார். நான் டிஸ்க் பார்ப்பவன். செத்துப்போன டிஸ்க்கிலிருந்து மற்றவர்களின் படங்களையும் எழுத்தையும் குரலையும் மீட்டெடுப்பது என் வேலை.

மழைக்காலத்தில் வருவதில் பாதி மின்னல் கேஸ். போன வாரம்கூட ஒரு டீச்சர் தன் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார்.

“சுவிட்சை ஆஃப் பண்ணித்தானே வச்சிருந்தேன்? அப்புறம் எப்படிப் போகும்?”

“டீச்சர், அது அவ்வளவு உயரத்திலிருந்து குதிச்சு வந்திருக்கு. நம்ம சுவிட்சுக்குள்ள இருக்கற அந்தக் கடுகளவு இடைவெளியைத் தாண்ட மாட்டேன்னா சொல்லும்?” என்றார் அண்ணன்.

“சரி, அடுத்த தடவை பிளக்கையே பிடுங்கிடறேன்.”

“போன் வயரை?”

டீச்சர் விழித்தார். எல்லாரும் அங்கேதான் விழிப்பார்கள். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைப்பது போல, கரண்டு வயரைப் பிடுங்கிவிட்டு மோடத்துக்கு வரும் வயரை மறந்துவிடுவார்கள். மின்னல் தெருக்கம்பத்தில் விழுந்து, கம்பி வழியே வந்து, மோடத்தைத் தின்று, கம்ப்யூட்டருக்குள் நுழையும்.

“பேக்கப் இருக்கா டீச்சர்?”

“எடுக்கணும் எடுக்கணும்னு இருந்தேன்.”

“அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க” என்று அண்ணன் என்னைக் கை காட்டினார். “இந்த டாக்டர்கிட்ட விடுங்க. பாப்போம்.”

டாக்டர் என்ற பெயரை எனக்கு வைத்தவள் என் மனைவி. அவள் போன பிறகு அண்ணன் ஒருவர்தான் அப்படிக் கூப்பிடுகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. என் கையெழுத்து. ‘மேகம் கறுத்தால் பிளக்கையும் போன் வயரையும் பிடுங்குங்கள். இடி கேட்ட பிறகு எதையும் தொடாதீர்கள். மெஷின் போனால் போகட்டும்.’

மூன்று வரி. வருகிற ஒவ்வொருவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

*

பார்வையில்லாத மாணவர்களுக்காக என் மனைவி பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வாள். அதற்காகத்தான் முன்னறையில் அந்த கம்ப்யூட்டரும் மைக்கும். எதிரொலிக்காமல் இருக்க, சுவரில் பழைய போர்வையை ஆணி அடித்து மாட்டியிருந்தாள். இருநூற்றுப் பதினான்கு கோப்புகள். வெட்டித் திருத்தி அனுப்பியவை வேறு. இவை மூலப்பதிவுகள். வாசிப்பாள், தடுமாறுவாள், “அடச்சே” என்பாள், முதலிலிருந்து தொடங்குவாள். ஒரு பதிவில் நெடுநேரம் சிரிக்கிறாள். ‘மண்புழுவுக்கு ஐந்து ஜோடி இதயங்கள்’ என்ற வரியை அவளால் தாண்டவே முடியவில்லை. “ஒண்ணை வச்சுக்கிட்டு நான் படற பாடு போதாதா” என்று அதில் சொல்கிறாள்.

மேகம் லேசாகக் கறுத்தால் போதும், அவள் எழுந்துவிடுவாள். பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, தன் தலைமுடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் வளையத்தால் கட்டி வைப்பாள். அடுத்து மோடத்து வயர். வானம் முழங்கத் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கமே போகமாட்டாள். கட்டில்மேல் கால்களை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு இடி என்றால் பயம். சின்ன வயதிலிருந்தே.

அப்படிப்பட்டவள், ஆறு மாதத்துக்கு முன் ஒரு பிற்பகலில், இடி இடித்துக்கொண்டிருக்கும்போது வயரைத் தொட்டாள். மின்னல் வீட்டின்மேல் விழவில்லை. தெருமுனைக் கம்பத்தில் விழுந்தது. கம்பி வழியே வந்தபோது, மோடத்து வயரின் முனை அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வயரையும் சரியாகப் பிடுங்கியிருந்தாள்.

ஏன் தொட்டாள் என்று எல்லாரும் கேட்டார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இடின்னா என் மடிக்குள்ள வந்து ஒளிஞ்சுக்குவாளே, அவளா போயித் தொட்டா?” என்று கேட்டார். அன்று நான் அவளோடு போனில் பேசினேன் என்பது எல்லாருக்கும் தெரியும். கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள்.

“இந்த வாரம் அம்மாவைப் போய்ப் பாத்துட்டு வரணும்னு சொன்னா” என்றேன்.

மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறார். “கடைசி மூச்சுவரைக்கும் என் நினைப்புதான் அவளுக்கு.”

அவள் அதைச் சொல்லவில்லை.

*

முதல் முறை நான் வீட்டில் இல்லை. அவள் போய் நாற்பத்தோரு நாள். பிற்பகலில் மழை கொட்டியது. ஐந்தரைக்குக் கதவைத் திறந்தபோது முன்னறையில் விசிறிச் சத்தம் இல்லை. குனிந்து பார்த்தேன். பிளக் தரையில் கிடந்தது. வயர் மூன்று சுற்றாகச் சுருட்டப்பட்டு, கறுப்பு ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது.

மச்சான் வந்துபோயிருப்பான் என்று நினைத்தேன். அவள் தம்பி. அச்சகத்தில் வேலை. போன் செய்தேன்.

“உங்க வீட்டுச் சாவி எங்கிட்ட ஏது மாமா?” என்றான்.

இரண்டாம் முறை ஞாயிற்றுக்கிழமை. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே உறுமியது. முன்னறையில் நாற்காலி இழுபட்டது. ஒரு சாண் தூரம் இழுத்து நிறுத்துகிற சத்தம். அந்த மேசைக்கு அடியில் நுழைய அவ்வளவுதான் இழுக்க வேண்டும்.

கையில் சோப்பு நுரையோடு போனேன்.

யாரும் இல்லை.

ஈரத் தலைமுடி வாசனை இருந்தது. தலைக்குக் குளித்து, துவட்டாமல் வருவாளே, அது. பிளக் வெளியே இருந்தது. அதன் வயர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் பயந்தேன் என்று சொன்னால் பொய். நுரை உலரும்வரை அங்கேயே நின்றேன். பிறகு குனிந்து, பிளக்கை மறுபடி சாக்கெட்டில் செருகினேன்.

பழுது கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றதையெல்லாம் அப்படியே விட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அதைச் செய்தேன்.

ஒரு மழைக்கு கம்ப்யூட்டரை அணைத்து வைத்தேன். அவள் வரவில்லை.

ஒரு மழைக்கு ஓடவிட்டு, எதிரே உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்த்தேன். வரவில்லை.

ஓடவிட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். வந்தாள்.

அடுத்த மழைக்கு அவள் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வெறும் டிஸ்க் ஒன்றை மாட்டினேன். இடி தலைக்குமேல் இடித்தது. பிளக் அசையவில்லை. அவள் டிஸ்க்கைத் திரும்ப மாட்டினேன். அதற்கடுத்த மழையில் வந்தாள்.

ஆக, அவளுடைய டிஸ்க் இருக்க வேண்டும். அது ஆபத்தில் இருக்க வேண்டும். நான் பார்க்கக் கூடாது. இவ்வளவுதான் கண்டுபிடித்தேன். தன் குரலைக் காப்பாற்ற வருகிறாள் என்று முடிவு செய்தேன்.

ஒன்றை மட்டும் சோதிக்கவில்லை. அந்தக் குரலுக்கு இன்னொரு நகல் இருந்தால் வருவாளா? ஒரு பேக்கப் எடுத்து வைத்துவிட்டால் இந்த டிஸ்க் எரிந்தாலும் ஒன்றும் நஷ்டமில்லை. நஷ்டமில்லாததற்கு அவள் ஏன் வர வேண்டும்?

அதனால் எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் பேக்கப் எடு, பேக்கப் எடு என்று சொல்கிறவன், என் வீட்டில் இருநூற்றுப் பதினான்கு கோப்புகளை ஒற்றை டிஸ்க்கில், ஒற்றைக் கம்பியில், மின்னலுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டேன்.

*

மச்சான் ஒரு நாள் கடைக்கே வந்தான். புதிய பென் டிரைவ் ஒன்றை உறை பிரிக்காமல் கொண்டு வந்திருந்தான்.

“அம்மா ஒரே புலம்பல் மாமா. ஒரு தடவை அவ குரலைக் கேட்டாப் போதும்னு. போன்ல இருந்ததெல்லாம் போனோட போச்சு. உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு. இதுல கொஞ்சம் போட்டுக் குடுங்க.”

“டிஸ்க் கொஞ்சம் சரியில்ல மச்சான். இப்போதைக்குத் தொட முடியாது.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.”

“டிஸ்க் விஷயம் அப்படித்தான்.”

“கோவமா எங்க மேல?”

“சேச்சே.”

அவன் என்னைப் பார்த்தான். அக்காவின் கண் அவனுக்கு. நான் ஸ்குரூ பெட்டியைக் கிளறினேன். பென் டிரைவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அவன் தெரு திரும்பும்வரை சால்டர் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைத் தாங்கியில் செருகினார்.

“டிஸ்க் நல்லாத்தானே இருக்கு?”

பென் டிரைவை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

“பேக்கப் எடுத்தியா இல்லையா?”

“இல்லண்ணே.”

“நீ?”

“ஆமா.”

“அடப் பாவி. ஆஸ்பத்திரி வச்சிருக்கறவன் பெத்த பிள்ளைக்கு ஊசி போடாம விட்ட கதையால்ல இருக்கு. ஏன்டா?”

சொன்னேன். நாற்காலி, ரப்பர் வளையம், வாசனை, வெறும் டிஸ்க் எல்லாவற்றையும். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தப் புள்ளைக்கு இடின்னா பயம்னு சொல்வியே. இப்ப வர்றப்ப பயப்படுதா?”

அதை நான் கவனித்ததில்லை.

*

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே புழுங்கியது. இடியுடன் பலத்த மழை என்று போனில் இருந்தது. உடம்பு சரியில்லை என்று கடைக்குச் சொன்னேன். “பாத்துக்க” என்று மட்டும் சொல்லி அண்ணன் வைத்துவிட்டார்.

மதியம் இரண்டரைக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மூன்று மணிக்கு முன்னறைச் சுவரில் அவள் மாட்டிய போர்வையின் பூ தெரியவில்லை. விளக்குப் போடவில்லை. மானிட்டரின் நீல வெளிச்சம் மட்டும் இருந்தது. மோடத்தின் பச்சைப் புள்ளி. எதிர்வீட்டில் யாரோ ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். பிறகு அந்தச் சத்தமும் நின்றது. காற்று நின்றது. மண் வாசனையோடு, கம்பி காய்ந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. மின்னல் கேஸ்களைத் திறக்கும்போது வருகிற வாசனை.

நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தேன். ஸ்டூலைப் போட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

சுவர் வெளுத்தது. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பதுவரை. இடித்தது.

இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.

மறுபடி வெளுத்தது. ஆறு.

மழை இல்லை. அதுதான் மோசம். மழைச் சத்தம் இருந்தால் மற்ற சத்தங்களை மூடிவிடும்.

நான்கு.

நாற்காலி இழுபட்டது.

ஒரு சாண்.

என் கழுத்தில் ஒரு குளிர்ச்சி. ஈரத் தலைமுடி வாசனை. முட்டி தரையில் ஊன்றுகிற சத்தம். அவள் முதலில் வலது முட்டியைத்தான் ஊன்றுவாள்.

அண்ணன் கேட்டது நினைவுக்கு வந்தது. இந்த முறை மூச்சைக் கவனித்தேன்.

சின்னச் சின்ன மூச்சு. விட்டு விட்டு. பல் ஒன்றோடொன்று லேசாக மோதுகிறது.

நடுங்குகிறாள்.

எனக்கு அந்த மூச்சு தெரியும். அதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். போனில்.

சுவர் வெளுத்தது. மூன்று.

அவள் போவதற்கு முந்தின நாள் கடையில் கரண்டு போய்ப் போய் வந்தது. ஸ்டுடியோக்காரர் ஒருவரின் டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்து வந்து, அவள் கம்ப்யூட்டரில் மாட்டி, மீட்பதற்கு ஓடவிட்டிருந்தேன். முப்பது மணி நேர வேலை. மறுநாள் பிற்பகலுக்குள் இருபத்தாறு மணி நேரம் ஓடியிருந்தது. மதியம் அவள் தூங்கிவிட்டாள். மேகம் கறுத்தது அவளுக்குத் தெரியவில்லை. கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்தவன் நான். போன் செய்து எழுப்பியவன் நான்.

இடி கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது. போனுக்குள், அவள் பக்கத்திலிருந்தும் கேட்டது. என் முகத்துக்கு நேரே அந்த அட்டை தொங்கியது. மூன்று வரி. என் கையெழுத்து.

“பிளக்கையும் வயரையும் பிடுங்கிடு. அடுத்தவங்க டிஸ்க், எரிஞ்சா என் பேர் போயிடும்” என்றேன்.

தயங்கினாள். ஒரு நிமிஷ வேலைதானே என்றேன். எரிச்சலோடு சொன்னேன்.

அவள் தன் குரலைக் காப்பாற்ற வரவில்லை. இப்போதுதான் புரிந்தது. வெறும் டிஸ்க்குக்கு அவள் வராததன் காரணமும் அதுதான். அது எரிந்தால் எனக்கு ஒன்றுமில்லை. எது எரியக் கூடாது என்று நான் உள்ளுக்குள் துடிக்கிறேனோ, அதற்குத்தான் எழுந்து வருகிறாள். நான் கேட்டதைச் செய்ய. ஒவ்வொரு மழைக்கும். பயந்துகொண்டே. நானும் ஒவ்வொரு முறையும் அவளை அதே மேசைக்கு அடியில், அதே வயரிடம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நான்கு மாதமாக.

பின்னால் பிளக் அசைந்தது. உலோகம் உரசுகிற சத்தம்.

சுவர் வெளுத்தது. இரண்டு.

“விடு” என்றேன்.

சத்தம் நின்றது.

“தொடாத. கையை எடு. போனாப் போகட்டும்.”

மூச்சு மட்டும் கேட்டது. மிக அருகில். என் தோளுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். திரும்பினால் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

திரும்பவில்லை.

“நான் தெரியாம சொல்லிட்டேன். இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன். நீ வெளிய வா. கட்டில்ல போய் உக்காரு. அதுல ஒண்ணுமில்ல. எரியட்டும்.”

நாற்காலி மெல்ல, மேசைக்குள் திரும்பப் போனது.

பிறகு எண்ண நேரமில்லை. சுவர், தரை, என் கைகள் எல்லாம் ஒரே வெள்ளையாயின. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. முதுகுக்குப் பின்னால் சாட்டையால் அடித்தது போல் ஒரு வெடிப்பு.

மழை கொட்டத் தொடங்கியது.

திரும்பிப் பார்த்தேன். மானிட்டர் கறுத்திருந்தது. மோடத்தின் பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவு ஓட்டை. பெட்டியிலிருந்து மெல்லிய புகை. பிளக் சாக்கெட்டில், பாதி வெளியே வந்த நிலையில், அப்படியே இருந்தது. அவள் வந்துபோன பிறகும் அது அங்கே இருந்தது அதுதான் முதல் முறை.

*

மறுநாள் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போனேன். சால்டர் அண்ணன் திறந்தார். போர்டு கருகியிருந்தது. டிஸ்க்கை நான் திறந்தேன். எத்தனையோ பேரின் டிஸ்க்குகளைத் திறந்த கை. வேறு போர்டு மாட்டிப் பார்த்தேன். டிஸ்க்கைப் படிக்கும் தலைப்பகுதியை மாற்றிப் பார்த்தேன். நான்கு நாள் வேறு எந்த வேலையும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அண்ணன் என் கையிலிருந்து திருப்புளியை வாங்கி வைத்தார்.

“போதும்ப்பா” என்றார்.

ஒரு கோப்புகூட வரவில்லை. மண்புழுவும் போனது.

அன்று மாலை மச்சானை வீட்டுக்கு வரச் சொன்னேன். நாலரை மணிக்கு வந்தான். கூடத்தில் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் முன்னறை தெரியும். மேசையைக்கூட அகற்றிவிட்டேன். அவள் மாட்டிய போர்வையும், வெறும் சாக்கெட்டும்தான் மிச்சம். சாக்கெட்டின் சுவிட்ச் எதற்காகவோ போட்டபடி இருந்தது.

“டிஸ்க் போச்சு மச்சான். இனிமே கிடைக்காது. என்னாலதான் போச்சு. பேக்கப் எடுக்காம விட்டேன்.”

அவன் எழுந்து முன்னறை வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“அம்மாகிட்ட என்னன்னு சொல்றது? ஒரு வார்த்தைகூட மிச்சமில்லையா?”

“இல்ல.”

“அட, திட்டினதுகூடவா?”

“அதுவும் போச்சு.”

“அப்ப கடைசியா உங்ககிட்டப் பேசுச்சே, அது ஒண்ணுதான் எங்கம்மாவுக்கு மிச்சம்” என்றான். “இந்த வாரம் வந்து பாக்கணும்னு சொன்னது.”

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“அவ அப்படிச் சொல்லல” என்றேன்.

நிமிர்ந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டுடியோக்காரர் டிஸ்க், நான் போன் செய்தது, இடி கேட்டுக்கொண்டிருந்தது, அட்டை. சொல்லி முடிக்கும்போது வெளியே இருட்டிக்கொண்டு வந்திருந்தது. வானிலையில் அன்று மழையே இல்லை. அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழங்கைகளை முட்டியில் ஊன்றிக் குனிந்துகொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

தூரத்தில் இடித்தது.

முன்னறையில் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

அவனும் நிமிர்ந்தான். இருவரும் பார்த்தோம். வெறும் சாக்கெட்டின் சுவிட்ச் அணைந்திருந்தது.

“காத்தா?” என்றான்.

சுவிட்சைக் காற்று அணைக்காது.

சமையலறையில் ‘டக்’. பிரிட்ஜின் ரீங்காரம் நின்றது.

படுக்கையறையில் ‘டக்’. அங்கே சுழன்றுகொண்டிருந்த விசிறி மெல்ல மெல்ல நின்றது.

எங்களுக்கும் கதவுக்கும் நடுவில், கூடத்துச் சுவரில் ஒரே ஒரு சுவிட்ச் மிச்சமிருந்தது. எங்கள் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த விளக்கின் சுவிட்ச். நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சின்னச் சின்ன மூச்சு. விட்டு விட்டு.

‘டக்.’

இருட்டில் மச்சானின் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

“மாமா,” என்று கிசுகிசுத்தான். “அக்கா நிஜமா என்ன சொல்லுச்சு?”

எனக்கு அந்த வார்த்தைகள் ஒன்றுவிடாமல் தெரியும். எந்த டிஸ்க்கும் தேவையில்லை. இந்த ஆறு மாதத்தில் அவற்றை ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவன் கேட்பதற்காகவும், சுவர் ஓரத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் கேட்பதற்காகவும், அவள் சொன்ன மாதிரியே.

“எனக்குப் பயமா இருக்கு டாக்டர். ஆனா இதெல்லாம் உனக்குத் தெரியாததா? நீ சொன்னா சரிதான்.”